தலைச்சுமை நடை: ப்ளெண்டரில் ஒரு முப்பரிமாண ஷாட்டைத் தொடக்கம் முதல் ரெண்டர் வரை முடிப்பது எப்படி

முப்பரிமாண அசைவுப் படம் செய்யும் மென்பொருளான ப்ளெண்டரில் செய்யப்போவது பத்து விநாடி ஷாட். சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டிய ஒருவர், தலையில் சும்மாடு வைத்து ஏத்தன் (நேந்திரன் வாழை) குலையைச் சுமந்தபடி சந்தைத் தெருவில் இடமிருந்து வலமாக நடக்கிறார். கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் ஓணத்துக்கு முன்பு எந்தக் காலையிலும் பார்க்கக் கிடைக்கும் காட்சிதான்.

வெறும் நடைக்குப் பதில் சுமை நடையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. சுமையில்லாத நடையில் பிழை இருந்தால் பார்ப்பவருக்கு "ஏதோ மிதக்கிற மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. தலையில் குலை இருந்தால் இடுப்பு, முழங்கால், கழுத்து ஆகியவற்றில் எது தவறு என்று உடனே தெரிந்துவிடும். பழகுவதற்கு இதுவே நல்லது.

கீழே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல, நாலாவது படியை ரெண்டாவதாகச் செய்வதால்தான்.

1. பாணியை முதலில் முடிவு செய்யுங்கள்

பாணி என்பது கடைசியில் பூசும் வண்ணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எத்தனை ஃப்ரேமுக்கு (தனிப் படத்துக்கு) ஒரு நிலை (உடம்பின் போஸ்), கேமரா நகரலாமா கூடாதா, துணியை எப்படி அசைப்பது என எல்லாம் அதைப் பொறுத்தே மாறும்.

நிஜம் போன்ற தோற்றம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் அசைய வேண்டும். தோல், துணி, முடி மூன்றும் அதே தரத்தில் இருக்க வேண்டும். ஒன்று சறுக்கினாலும் பொம்மை மாதிரி ஆகிவிடும். தனியாக வேலை செய்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மோஷன் கேப்சர், அதாவது உண்மையான ஆளின் அசைவைப் பதிவு செய்து மாடலுக்குக் கொடுப்பது, வேகமானது. ஆனால் ஒற்றைக் கேமரா வீடியோவிலிருந்து அசைவை எடுக்கும் வழிகளில் பாதம் தரையில் வழுக்கும், முன்பின் ஆழத்தில் நடுக்கம் வரும். அதைச் சுத்தம் செய்யத் தெரிய வேண்டுமானால் கையால் நிலை வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கையால் செய்வதை முதலில் கற்றுக்கொள்வதே சரி.

இந்த வழிகாட்டி எடுப்பது கார்ட்டூன் நிழல் பாணி: தட்டையான இரண்டு நிறம், கறுப்புக் கோடு, இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு நிலை. ரெண்டர் நேரம் (கணினி இறுதிப் படங்களை உருவாக்கும் நேரம்) பாதியாகும், குறைந்த கணினியிலும் ஓடும். இதை இப்போதே முடிவு செய்வதால்தான் கீழே வரும் ஃப்ரேம் எண்கள் எல்லாம் ஒற்றைப்படையாக இருக்கின்றன.

2. கைவசம் இருக்க வேண்டியவை

ப்ளெண்டர், மூன்று பொத்தான் மவுஸ், எண் பலகை உள்ள கீபோர்டு. கட்டை விரல் தவிர மற்ற விரல்கள் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு எளிய ஒரு மனித மாடல். அது உங்களுடையதாகவோ, பயன்படுத்த அனுமதி உள்ளதாகவோ இருக்கட்டும்.

கோப்பைத் திறந்ததும் மூன்று விஷயம்: ஃப்ரேம் ரேட் 24, அலகு மெட்ரிக், ஆளின் உயரம் உண்மையில் 1.65 முதல் 1.7 மீட்டர் வரை. மாடல் 17 மீட்டர் ராட்சதனாக இருந்தால் கோட்டின் தடிமன், நிழல், துணி எல்லாமே பின்னால் ஏமாற்றும்.

3. பார்த்துச் செய்ய ஒரு வீடியோ

சுமை தூக்குபவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கிப் படம்பிடியுங்கள். அல்லது பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசிப் பையை நண்பர் தலையில் ஏற்றி நடக்கச் சொல்லுங்கள். காலிப் பெட்டியை வைத்து நடிக்கச் சொல்லாதீர்கள். நடிப்பில் முதுகு வளையும். உண்மையில் தலைச்சுமைக்காரரின் முதுகும் கழுத்தும் நேராகத்தான் இருக்கும். வளைவதெல்லாம் முழங்காலில்.

போனை இடுப்பு உயரத்தில் வைத்து, ஐந்து மீட்டராவது தள்ளி நின்று, பக்கவாட்டில் ஒன்று, முன்னாலிருந்து ஒன்று எடுங்கள். அருகில் நின்று எடுத்தால் முன்கால் பெரிதாகவும் பின்கால் சிறிதாகவும் தெரியும், காலடி நீளத்தை அளக்க முடியாது. தரையில் ஒரு மீட்டர் இடைவெளியில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி. போன் பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும். அதை 24 ஃப்ரேம் கோப்பில் பின்னணியாகப் போட்டால் ப்ளெண்டர் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஓட்டும். ஒரு விநாடி அசைவு 1.25 விநாடியாக நீளும். நடை சோம்பலாக வருவதற்குக் காரணம் தெரியாமல் பலர் திண்டாடுவது இதனால்தான். ஏதாவது வீடியோ எடிட்டரில் 24-க்கு மாற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

4. மாடலில் எலும்பு பூட்டுவது

முதலில் மாடலைத் தேர்ந்து, கண்ட்ரோல் ஏ அழுத்தி ரொட்டேஷனையும் ஸ்கேலையும் அப்ளை செய்யுங்கள். ஸ்கேல் 1 ஆக இல்லாத மாடலில் எலும்பு பூட்டினால் கை கால் கோணலாகும்.

எலும்புக்கூடு (ரிக்) செய்து தரும் ரிகிஃபை ஆட்-ஆனை இயக்கி, ஹியூமன் மெட்டா-ரிக் என்ற மாதிரி எலும்புக்கூட்டைச் சேர்த்து, எலும்புகளை மாடலுக்குள் பொருத்தி, ஜெனரேட் ரிக் அழுத்துங்கள். இப்போது இரண்டு எலும்புக்கூடு இருக்கும். மாடலைப் பூட்ட வேண்டியது புதிதாக வந்த ரிக்கோடு. மெட்டா-ரிக்கோடு பூட்டிவிட்டு "அசைய மாட்டேங்குதே" என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ் (எந்த எலும்பு மாடலின் எந்தப் பகுதியை அசைக்கும் என்று கணினியே பிரிப்பது) கொடுக்கும்போது "போன் ஹீட் வெயிட்டிங்" தோல்வி என்று செய்தி வந்தால் மாடலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் புள்ளிகள் இருக்கின்றன, அல்லது ஓட்டையோ தலைகீழ் முகங்களோ இருக்கின்றன. எடிட் மோடில் மெர்ஜ் பை டிஸ்டன்ஸ், பிறகு ரீகால்குலேட் நார்மல்ஸ். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கடைசியாக, இரண்டு கால்களிலும் ஐகே ஸ்ட்ரெட்ச் மதிப்பை 0 ஆக்குங்கள். ஐகே என்பது பாதத்தையோ கையையோ ஓரிடத்தில் வைத்தால் மற்ற மூட்டுகள் அதற்கேற்பத் தானே மடங்கும் முறை. அது 1 ஆக இருந்தால் இடுப்பு உயரும்போது கால் ரப்பர் போல நீளும். பிழை கண்ணில் படாமல் மறைந்துகொள்ளும்.

5. குலையும் அதைப் பிடிக்கும் கையும்

நிலை வைக்கத் தொடங்கும் முன் குலையைப் பூட்டிவிடுங்கள். சும்மாடும் குலையும் தலை எலும்பின் பிள்ளைகள், அதாவது தலை அசைந்தால் கூடவே அசைபவை. குலைத் தண்டில் கை பிடிக்கும் இடத்தில் ஓர் எம்ப்டி (ரெண்டரில் தெரியாத குறிப்புப் புள்ளி) வைத்து அதையும் குலைக்குப் பிள்ளையாக்குங்கள்.

பிடிக்கும் கை ஐகே, வீசும் கை எஃப்கே (ஒவ்வொரு மூட்டையும் நாமே திருப்பும் முறை). ஐகே கை சொன்ன புள்ளியில் நிற்கும். எனவே பிடிக்கும் கையின் ஐகே கட்டுப்பாட்டுக்கு அந்த எம்ப்டியைக் காட்டி காப்பி டிரான்ஸ்ஃபார்ம்ஸ் போட்டால் குலையை விட்டு விரல் நழுவாது. எஃப்கே கை தோளிலிருந்து ஊசலாக வீசும், அதன் பாதை தானாகவே வில்லாக வரும். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒரு கை குலைக்குள் புதையும், மற்றது நேர்கோட்டில் இயந்திரம் போல முன்பின் போகும்.

6. நான்கு நிலைகள்

இதுதான் வேலையின் உயிர். மற்ற படிகளில் அவசரப்பட்டாலும் இதில் வேண்டாம்.

ப்ரிஃபரன்சஸில் புதிய கீக்களின் (ஒரு ஃப்ரேமில் பதிந்து வைக்கும் நிலைகளின்) இன்டர்போலேஷனை, அதாவது இடைநிரப்பலை, கான்ஸ்டன்ட் ஆக்குங்கள். அப்போது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு உடம்பு தாவும், இடையில் கணினி எதையும் நிரப்பாது. கணினி நிரப்பத் தொடங்கிவிட்டால் எல்லாமே வழவழவென்று நன்றாக இருப்பது போலத் தோன்றும். மோசமான நிலைகளையும் அந்த வழவழப்பு மூடிவிடும். தாவலாக ஓடும்போதே நடை போலத் தெரிந்தால்தான் நிலைகள் சரி.

சுமையில்லாத சாதாரண நடைக்கு ஒரு அடிக்குப் 12 ஃப்ரேம் என்பது வழக்கம். சுமைக்கு 16 வைப்போம். இரண்டு அடி சேர்ந்த ஒரு சுற்று 32 ஃப்ரேம். அடியின் நீளம் 48 செ.மீ. இந்த எண்களைச் சும்மா எடுக்கவில்லை: 48-ஐ 16-ஆல் வகுத்தால் ஃப்ரேமுக்குச் சரியாக 3 செ.மீ. எட்டாவது படியில் இது தேவைப்படும்.

ஆள் நின்ற இடத்திலேயே நடக்கட்டும். ரிகிஃபை ஆள் பார்க்கும் திசை ஒய் அச்சில் மைனஸ் பக்கம்.

ஃப்ரேம் 1, தொடுதல். இடது பாதம் 24 செ.மீ. முன்னே, வலது பாதம் 24 செ.மீ. பின்னே. வெறுங்காலும் சுமையும் சேர்ந்தால் குதிகால் மட்டும் தனியாகக் குத்தாது, பாதம் கிட்டத்தட்டத் தட்டையாகவே இறங்கும். விரல் நுனியைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். இரு முழங்காலும் லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

ஃப்ரேம் 5, இறங்கல். எடை முன்கால் மேல் விழுகிறது. இடுப்பு இந்தச் சுற்றிலேயே மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இது. சுமை தெரிவது இங்கேதான். இந்த ஒரு நிலையில் முழங்காலை நன்றாக மடக்காவிட்டால் குலை தெர்மோகோல் ஆகிவிடும்.

ஃப்ரேம் 9, கடத்தல். வலது கால் இடது காலைக் கடக்கிறது. இடுப்பை நிற்கும் காலின் பக்கம் 2 முதல் 3 செ.மீ. வரை சாய்த்து நகர்த்துங்கள். பக்கவாட்டுக் காட்சியிலேயே வேலை செய்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஆள் கம்பியில் நடப்பது போல இருக்கும்.

ஃப்ரேம் 13, எழல். பின்பாதம் விரலில் ஊன்றி உடம்பைத் தள்ளுகிறது. இடுப்பு மிக உயர்ந்த இடம். தாழ்ந்ததற்கும் உயர்ந்ததற்கும் இடையே 3 செ.மீ. இருந்தால் போதும். சுமைக்காரர் குதித்து நடப்பதில்லை, குதித்தால் குலை நிற்காது.

மறுபாதிக்கு இந்த நான்கையும் புரட்டி ஒட்டலாம்: 1-ஐ 17-இல், 5-ஐ 21-இல், 9-ஐ 25-இல், 13-ஐ 29-இல். கண்ட்ரோல் சி, பிறகு கண்ட்ரோல் ஷிஃப்ட் வி. கவனம்: கால், இடுப்பு, மார்பு மட்டும் தேர்ந்திருக்க வேண்டும். கைகளையும் சேர்த்துப் புரட்டினால் குலை பிடித்த கை ஒவ்வொரு அடிக்கும் மாறும். 33-இல் முதல் ஃப்ரேமை அப்படியே, புரட்டாமல் ஒட்டுங்கள்.

தலை எல்லா நிலையிலும் மட்டமாக இருக்கட்டும். மார்பு திரும்பினாலும் முகம் நேராகத்தான் இருக்கும். வீசும் கையை எல்லாவற்றுக்கும் பிறகு வையுங்கள், எதிர்க்கால் முன்னே வரும்போது அது முன்னே. வீச்சு சின்னதாக இருக்கட்டும்.

7. கிராஃப் எடிட்டரில்

தாவல் ஓட்டம் பிடித்திருந்தால் எல்லாக் கீக்களையும் தேர்ந்து, டி அழுத்தி, பெசியர் (வழவழப்பான வளைவாக இடைநிரப்பும் முறை) ஆக்குங்கள். உடனே நடை கெட்டுப்போகும். பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் கெடும்.

முதலில் இடுப்பின் இசட் வளைவு, அதாவது மேல்கீழ் அசைவைக் காட்டும் கோடு. 5, 21 இல் பள்ளம். 13, 29 இல் மேடு. இரண்டு பள்ளமும் ஒரே ஆழம். ஒன்று அதிகமென்றால் ஆள் நொண்டுவார்.

அடுத்து பாதம். தரையில் ஊன்றியிருக்கும் காலத்தில், அதாவது இடது பாதத்துக்கு 1 முதல் 17 வரை, ஒய் வளைவு நேர்கோடாக இருக்க வேண்டும். அந்தக் கீக்களை மட்டும் லீனியர் (நேர்கோட்டு இடைநிரப்பல்) ஆக்கி, நடுவே 5, 9, 13 இல் இருப்பவை ஃப்ரேமுக்கு 3 செ.மீ. கணக்கில் உள்ளனவா என்று பாருங்கள்: -0.24, -0.12, 0, 0.12, 0.24. வளைந்திருந்தால் பாதம் தரையில் வழுக்கும். தரையைத் தொடாத காலத்தில் வளைவு எப்படியும் இருக்கலாம்.

பிறகு முழங்கால். ஓட்டிப் பார்க்கும்போது ஏதாவது ஒரு ஃப்ரேமில் முழங்கால் சடக்கென்று வெட்டினால், அங்கே கால் முழுதாக நீண்டுவிட்டது என்று அர்த்தம். ஐகே காலில் கடைசி ஒரு செ.மீ. நீட்டலுக்கு முழங்கால் பெரிய கோணம் திரும்ப வேண்டியிருக்கிறது, அதனால்தான் வெட்டு. முழங்காலைத் தொடாதீர்கள். அந்த ஃப்ரேமில் இடுப்பை அரை செ.மீ. இறக்குங்கள், அல்லது பின்குதிகாலை இன்னும் தூக்குங்கள்.

கடைசியில் தாமதம். முன்கையின் கீக்களை மேல்கையைவிட 2 ஃப்ரேம் பின்னால் தள்ளுங்கள். குலைக்குத் தனியாக இரண்டு டிகிரி ஆட்டம், இடுப்பு இறங்கிய பிறகு 2 ஃப்ரேம் கழித்து. இதற்கு மேல் ஆட்டினால் கட்டு அவிழ்ந்த குலை மாதிரி இருக்கும்.

எல்லா வளைவுக்கும், சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சைக்கிள்ஸ் மாடிஃபையர் போடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது எல்லை 1 முதல் 32 வரை, 33 அல்ல. 33-உம் 1-உம் ஒரே நிலை என்பதால், 33 வரை ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஃப்ரேம் நின்று தட்டும்.

8. ஆளை முன்னே நகர்த்துவது

இப்போது ரூட் எலும்பு, ஆள் முழுவதையும் நகர்த்தும் எலும்பு. ஃப்ரேம் 1-இல் ஒய் 0, ஃப்ரேம் 33-இல் ஒய் -0.96, லீனியர். இரண்டு அடிக்கு 96 செ.மீ., அதாவது ஃப்ரேமுக்கு 3 செ.மீ. பாதம் அதே வேகத்தில் பின்னே போவதால் தரையில் அசையாமல் நிற்கும். ரூட்டின் சைக்கிள்ஸ் மாடிஃபையரில் மட்டும் ரிப்பீட் வித் ஆஃப்செட் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ஆள் ஒவ்வொரு சுற்றிலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவார்.

பத்து விநாடியில் ஆள் ஏழு மீட்டருக்குச் சற்றே மேல் போவார். தெரு செட்டை அந்த அளவுக்குக் கட்டினால் போதும்.

9. இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு நிலை

எல்லா வளைவுக்கும், ஒரு நிலையைச் சில ஃப்ரேம் பிடித்து வைக்கும் ஸ்டெப்டு இன்டர்போலேஷன் மாடிஃபையர், ஸ்டெப் சைஸ் 2, ஆஃப்செட் 1. அந்த ஆஃப்செட்டை விட்டுவிட்டால் ப்ளெண்டர் 0, 2, 4 என்று இரட்டை ஃப்ரேம்களைப் பிடித்து வைக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த 5, 9, 13 திரையில் வரவே வராது. சைக்கிள்ஸ் மேலே, ஸ்டெப்டு கீழே. சைக்கிள்ஸ் முதலில் இல்லாவிட்டால் வேலை செய்யாது.

ரூட்டுக்கும் இதைப் போட வேண்டும். ரூட் ஒவ்வொரு ஃப்ரேமும் 3 செ.மீ. நகர, பாதம் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை 6 செ.மீ. பின்வாங்கினால், ஊன்றிய பாதம் முன்னும் பின்னும் நடுங்கும்.

இதே காரணத்தால் கேமராவை அசைக்காதீர்கள். கேமரா ஒவ்வொரு ஃப்ரேமும் ஆளைத் தொடர்ந்து, ஆள் மட்டும் இரண்டுக்கு ஒன்றாகத் தாவினால் ஆள் முழுவதும் அதிரும். கேமரா நிற்கட்டும், ஆள் கடந்து போகட்டும்.

10. சாரம்

துணி சிமுலேஷன் இங்கே வேண்டாம். சிமுலேஷனில் 33-ஆம் ஃப்ரேமின் துணி 1-ஆம் ஃப்ரேமின் துணி அல்ல, சுற்று ஒட்டாது. மடித்துக் கட்டிய சாரத்துக்கு இடுப்பைச் சுற்றி ஆறு முதல் எட்டு சிறு எலும்பு போதும். முன்தொடை எழும்போது முன் எலும்புகள் இரண்டும் கூடவே எழட்டும். பின்னுள்ளவை 2 ஃப்ரேம் தாமதமாக.

11. நிழலும் கோடும்

ரெண்டர் இயந்திரம் ஈவீ. மெட்டீரியலில் டிஃப்யூஸ் பிஎஸ்டிஎஃப், ஷேடர் டு ஆர்ஜிபி, கலர் ராம்ப் என்ற வரிசையில் நோடுகள். ராம்பைக் கான்ஸ்டன்ட் ஆக்கி இரண்டு நிறம். ஷேடர் டு ஆர்ஜிபி, சைக்கிள்ஸ் என்ற மற்றொரு ரெண்டர் இயந்திரத்தில் (மேலே சொன்ன மாடிஃபையர் அல்ல) வேலை செய்யாது. நிழல் நிறம் கறுப்பு வேண்டாம்; அதே நிறத்தை அடர்த்தியாக்கிச் சற்று நீலம் கலந்தால் வெயில் உறைக்கும். சூரிய விளக்கு ஒன்றே ஒன்று. இரண்டாவது விளக்கு வந்தால் நிழல் எல்லை துண்டு துண்டாகும்.

நிறம் வெளிறித் தெரிந்தால் மெட்டீரியலைக் குறை சொல்ல வேண்டாம். கலர் மேனேஜ்மெண்டில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் 4.0 முதல் ஏஜிஎக்ஸ் ஆகவும், அதற்கு முன் ஃபில்மிக் ஆகவும் இருக்கும். ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள். ஏத்தன் பச்சை பச்சையாகவே வரும்.

கறுப்புக் கோட்டுக்கு, மாடலைச் சுற்றி மெல்லிய வெளிக்கூடு போடும் சாலிடிஃபை மாடிஃபையர்: தடிமன் 0.004 மீட்டர், ஆஃப்செட் 1, ஃப்ளிப் நார்மல்ஸ் குறி, மெட்டீரியல் ஆஃப்செட் 1. இரண்டாவது மெட்டீரியல் கறுப்பு எமிஷன், அதில் பேக்ஃபேஸ் கல்லிங் (பின்புறம் காட்டும் முகங்களை மறைப்பது) இயக்கம். அர்மேச்சர் மாடிஃபையருக்குக் கீழே இது இருக்க வேண்டும். ஆள் முழுவதும் நிழல் நிறத்தில் மூழ்கினால், வெளிக்கூடு உள்ளே நிழல் போடுகிறது. 4.2-க்கு முந்திய பதிப்புகளில் அந்த மெட்டீரியலின் ஷேடோ மோடை நன் ஆக்குங்கள், 4.2 முதல் பேக்ஃபேஸ் கல்லிங்கின் கீழுள்ள ஷேடோ கட்டத்தைக் குறியிடுங்கள்.

12. ரெண்டர்

வீடியோவாக அல்ல, பிஎன்ஜி வரிசையாக. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நடுவில் நின்ற வீடியோ கோப்பு குப்பைக்குத்தான். பிஎன்ஜி என்றால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். ஓவர்ரைட் குறியை எடுத்துவிட்டால் முடிந்தவற்றைத் தானே தாண்டிப் போகும்.

பத்து விநாடி என்றால் 240 ஃப்ரேம். கேமரா அசையாததால் ஃப்ரேம் ஸ்டெப்பை 2 ஆக்கி 120 மட்டும் ரெண்டர் செய்து, விநாடிக்கு 12 என்று கோத்தால் போதும். ஒன்றுக்கு 40 விநாடி ஆகுமானால் 160 நிமிடம் 80 ஆகும். பின்னால் ஓடும் பஸ்ஸோ பறக்கும் காகமோ ஒவ்வொரு ஃப்ரேமும் நகர்ந்தால் இந்தக் குறுக்கு வழி கிடையாது.

13. இரண்டு மொழிக்கும் வாய்

எல்லைப் பக்கம் விளம்பரம் செய்பவர்களுக்கு ஒரே ஷாட் தமிழிலும் மலையாளத்திலும் கேட்கப்படும். உடம்பு அசைவை ஓர் ஆக்‌ஷனாகவும் (கீக்களின் தொகுப்பு) வாயைத் தனி ஆக்‌ஷனாகவும் வைத்து, ஆக்‌ஷன்களை அடுக்கும் என்எல்ஏ எடிட்டரில் தனித்தனித் தடத்தில் போடுங்கள். வாய் எலும்புகளுக்கு உடம்பு ஆக்‌ஷனில் ஒரு கீகூட இருக்கக் கூடாது. இருந்தால் இரண்டும் மோதும்.

இரண்டு ஒலியையும் முதலிலேயே பதிவு செய்து, நீளமானதற்கு ஏற்ப ஷாட் நீளத்தை வையுங்கள். தாடை எப்போது திறக்கிறது என்பது முதலில், உதட்டின் வடிவம் பிறகு. ப, ம வரும் இடத்தில் உதடு முழுதாக மூட வேண்டும், ஒலிக்கு இரண்டு ஃப்ரேம் முன்பே, ஒற்றைப்படை ஃப்ரேமில். "ஏத்தம்பழம்" என்றாலும் "ஏத்தப்பழம்" என்றாலும் மூடல் ஒரே இடத்தில் விழுவதால் அந்தச் சொல்லுக்கு ஒரு வாயே போதும். மற்ற இடங்களில் மூடல் தவறினால் டப்பிங் படம் போலத் தெரியும்.

மலையாளப் பதிப்புக்கு வாய்த் தடத்தை மாற்றி, கடைப் பலகையின் படத்தையும் மாற்றி, வேறு கோப்புறைக்கு ரெண்டர் விடுங்கள். அதே கோப்புறைக்கு விட்டால், ஓவர்ரைட் குறி எடுத்திருப்பதால் பழைய தமிழ் ஃப்ரேம்கள் அப்படியே இருக்கும். ரெண்டரும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டதாகக் காட்டும்.